கிரிப்டோ பரிவர்த்தனையில் அந்தரங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்காயின் வைத்திருப்பவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது அந்தரங்கத்தைப் பற்றித்தான். "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று தொடங்கி "மிக்ஸர் பயன்படுத்தலாமா?" என்று முடிப்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். வரி, சட்டம் தொடர்பான பதில்கள் இந்தியாவில் வசிப்பவர்களுக்கானவை. மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்குத் தொழில்நுட்பப் பகுதி மட்டும் பொருந்தும்.

1. பிட்காயினில் என் பெயரே இல்லையே, பிறகு என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பெயர் இல்லை என்பது உண்மை. மற்ற எல்லாம் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் போனது என்பது 2009 ஜனவரியில் உருவான முதல் பிளாக்கிலிருந்து இன்றுவரை ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். வங்கிக் கணக்கு என்றால் அதன் விவரம் வங்கிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. இங்கே கணக்கு ஊருக்கே தெரியும், அது யாருடையது என்பது மட்டும் தெரியாது. அந்தப் பெயர் ஏதாவது ஓரிடத்தில் முகவரியோடு ஒட்டிக்கொண்டால் போதும், பழைய வரவு செலவெல்லாம் வெளியே வந்துவிடும்.

2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) 1,19,754 பிட்காயின் திருடப்பட்டது. திருடியவர் பல வருடங்கள் பல வழிகளில் அதைச் சுற்றிவிட்டார். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அவரும் மனைவியும் கைதானபோது சுமார் 94,000 பிட்காயின் கைப்பற்றப்பட்டது. விசாரணை ஆவணங்களில் வரும் ஒரு சிறு விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பணத்தில் ஒரு துளியைக் கொண்டு வால்மார்ட் கிஃப்ட் கார்டு வாங்கி, சொந்தப் பெயரில் இருந்த செயலியில் செலவழித்திருக்கிறார்கள். பெயரும் முகவரியும் ஒட்டும் இடம் பெரும்பாலும் இப்படி அற்பமானதாகத்தான் இருக்கும். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்த ஒட்டும் இடங்களைப் பற்றியவைதான்.

2. நண்பருக்குக் கொஞ்சம் அனுப்பினேன். என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் வாங்கிய 0.04 பிட்காயினை உங்கள் வாலட்டுக்கு (சாவிகளை வைத்திருக்கும் செயலி) மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அதிலிருந்து நண்பருக்கு 0.005 அனுப்புகிறீர்கள். பிட்காயினில் ஒரே வரவாக வந்த துண்டைப் பகுதியாகச் செலவழிக்க முடியாது. முழு 0.04-உம் உள்ளே போகும், 0.005 நண்பருக்கும், கட்டணம் போக மிச்சமான 0.03498 சொச்சம் உங்களுடைய வேறொரு முகவரிக்கும் வெளியே வரும். இந்த மிச்சத்தைத்தான் சேஞ்ச் என்பார்கள்.

நண்பர் அந்தப் பரிவர்த்தனையை, எல்லாப் பதிவுகளையும் தேடிக் காட்டும் ஒரு எக்ஸ்ப்ளோரர் தளத்தில் திறந்தால் இரண்டு வெளியீடுகளும் கண்ணில் படும். ஒன்று 0.005 என்ற சுருக்கமான தொகை, மற்றது தசமத்துக்குப் பின் எட்டு இலக்கம் நீளும் தொகை. எது சேஞ்ச் என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. அதன்பின் அந்த மிச்சம் எங்கே போகிறது, எப்போது போகிறது என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் பழைய பொருள் வாங்கிய இடத்திலும் கடன் அடைத்த இடத்திலும் இதே சாளரத்தைத் திறந்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

3. வாலட் ஒவ்வொரு முறையும் புது முகவரி காட்டுகிறது. பழையது செல்லாதா?

செல்லும். பழைய முகவரிக்கு வருவதும் உங்களுக்குத்தான் வந்து சேரும். புது முகவரி காட்டுவது உங்கள் நன்மைக்காக. 2008-இல் சதோஷி நகமோட்டோ வெளியிட்ட மூல ஆவணத்திலேயே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவி (அதிலிருந்துதான் முகவரி உருவாகிறது) பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை இருக்கிறது.

ஒரே முகவரியை எல்லோருக்கும் கொடுத்தால், கொடுத்த ஒவ்வொருவரும் மற்றவர்கள் உங்களுக்கு அனுப்பியதையும் பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் முன்பு பகிர்ந்த முகவரியை இன்னும் வரவுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒரே பெரிய சீர்திருத்தம் இதுதான்.

4. சரி, நாற்பது முகவரியில் பிரித்து வைத்திருக்கிறேன். இனி கவலை இல்லையே?

பிரித்து வைத்தது பெரிதில்லை, செலவழிக்கும்போது சேர்க்கிறீர்களா என்பதுதான் கேள்வி. ஒரு முகவரியில் 0.01, இன்னொன்றில் 0.02, மூன்றாவதில் 0.015 இருக்கிறது. 0.04 அனுப்ப வேண்டுமென்றால் வாலட் மூன்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் தள்ளிவிடும். மூன்றும் ஒரே ஆளுடையவை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இந்தச் சிக்கல் சதோஷியின் ஆவணத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. 2013-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியேகோ ஆய்வாளர்கள், இந்த விதியையும் 2ஆம் பதிலில் சொன்ன சேஞ்ச் விதியையும் வைத்துக்கொண்டு, முகவரிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து எந்தக் கொத்து எந்த எக்ஸ்சேஞ்சுடையது என்று காட்டினார்கள். செயினாலிசிஸ் போன்ற நிறுவனங்கள் இன்று தொழிலாகவே செய்வதற்கு அடிப்படையும் இதுதான்.

தடுக்க வேண்டுமென்றால் காயின் கண்ட்ரோல் வசதி உள்ள வாலட் வேண்டும். ஸ்பாரோ, எலக்ட்ரம் இரண்டிலும் உண்டு. எந்தத் துண்டைச் செலவழிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கூடவே ஒவ்வொரு வரவுக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "எக்ஸ்சேஞ்ச், மார்ச்", "அண்ணன் கொடுத்தது", "லேப்டாப் விற்றது". ஆறு மாதம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று நினைவில் இருக்காது, நினைவில்லாதவர்தான் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவார். அந்தக் குறிப்பு வரிக் கணக்கு எழுதும்போதும் கை கொடுக்கும்.

5. யாரென்றே தெரியாமல் 546 சதோஷி வந்து விழுந்திருக்கிறது. அதிர்ஷ்டமா, ஆபத்தா?

ஒரு சதோஷி என்பது பிட்காயினில் பத்து கோடியில் ஒரு பங்கு. தொகை அற்பம், நோக்கம்தான் கவனிக்க வேண்டியது. இதை டஸ்ட் என்பார்கள். அடுத்த முறை நீங்கள் செலவழிக்கும்போது அந்தத் துகளும் மற்ற துண்டுகளோடு சேர்ந்து போகுமா என்று பார்ப்பதற்காக அனுப்புவது. சேர்ந்து போனால் 4ஆம் பதிலில் சொன்னபடி உங்கள் முகவரிகள் கோத்துக்கொள்ளும். காயின் கண்ட்ரோலில் அதை உறைய வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். தொடாத வரை அதனால் ஒன்றும் ஆகாது.

எதீரியம், டிரான் என்ற வேறு பிளாக்செயின்களில் இதன் கொடிய வகை ஒன்று உண்டு. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதல் சில, கடைசி சில எழுத்துகளைப் போலவே ஒரு போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குப் பூஜ்யமோ சில்லறையோ அனுப்புவார்கள். பரிவர்த்தனை வரலாற்றிலிருந்து நகலெடுத்து ஒட்டும் பழக்கம் உள்ளவர் போலிக்கு அனுப்பிவிடுவார். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி ஒரே அழுத்தில் 1,155 ராப்டு பிட்காயினை (எதீரியத்தில் பிட்காயினுக்கு ஈடாகச் சுற்றும் டோக்கன்), அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, அனுப்பிவிட்டார். அனுப்பியவர் பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்பப் பெற்றது அபூர்வ விதிவிலக்கு. வரலாற்றிலிருந்து நகலெடுக்காதீர்கள், நடு எழுத்துகளையும் பாருங்கள்.

6. எக்ஸ்சேஞ்சில் பான், ஆதார், செல்ஃபி எல்லாம் கொடுத்தாயிற்று. இனி மறைக்க என்ன மிச்சம்?

நிறைய. 2023 மார்ச் 7 அறிவிக்கைக்குப் பிறகு இந்திய எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளர் அடையாளத்தைச் சேகரிக்க வேண்டும், சந்தேகத்துக்குரியவற்றைத் தெரிவிக்க வேண்டும். ஆகவே எக்ஸ்சேஞ்சுக்கும் அரசுக்கும் உங்கள் பெயர் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கும்போது போகும் வாலட் யாருடையது என்றும் கேட்பார்கள். அது உங்களுடையது என்றால் அப்படியே எழுதுங்கள்.

அரசுக்குத் தெரிவது ஒரு விஷயம். உங்கள் வாடகைதாரருக்கும், பழைய கூட்டாளிக்கும், தகவல் திருடனுக்கும் தெரிவது வேறு விஷயம். எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் புது முகவரிக்கு எடுங்கள். சேமிப்புக்கு ஒரு வாலட், அன்றாடச் செலவுக்கு இன்னொன்று என்று பிரியுங்கள். செலவு வாலட்டுக்குத் தேவையான சிறு தொகையை எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பிலிருந்து உடைத்து நிரப்பினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் விவரமும் கசியும் என்பதை நினைவில் வையுங்கள். 2025 மே மாதத்தில் காயின்பேஸ் நிறுவனம், வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு தகவலைக் கொடுத்துவிட்டதாக அறிவித்தது. 69,461 பேரின் விவரம். பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டைப் படம், இருப்புத் தொகை வரை போயிருந்தது. எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு குறைவாக விட்டுவைக்கிறீர்களோ அந்தப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே அவ்வளவு சிறிய எண் இருக்கும்.

7. கேஒய்சி இல்லாமல் நேரடியாக ஆளிடம் வாங்கினால் அந்தரங்கம் கிடைக்குமே?

டெலிகிராமில் ஆள் பிடித்து யுபிஐ வழியாகப் பணம் போட்டு வாங்குவதைக் கேட்கிறீர்கள் என்றால், அதில் அந்தரங்கம் துளியும் இல்லை. யுபிஐ பதிவில் உங்கள் பெயர், அவர் பெயர், நேரம், தொகை எல்லாம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கத் தயங்கிய பெயரை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

விற்பவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி. எங்கோ ஆன்லைன் மோசடியில் பணம் இழந்தவர் 1930 எண்ணில் புகார் செய்கிறார். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி, உங்களிடம் யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ டோக்கன்) வாங்கியவரின் கணக்கு வழியாக உங்கள் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. காவல்துறை அந்தச் சங்கிலியில் உள்ள கணக்குகளை முடக்கச் சொல்கிறது. புகார் வேறு மாநிலத்தில் இருந்தால் விளக்கம் சொல்ல அங்கே மின்னஞ்சல் அனுப்பி, கடிதம் எழுதி, சில நேரம் நேரில் போய் நிற்க வேண்டும். சம்பளக் கணக்கே முடங்கிப்போய் வீட்டு வாடகைக்கு அலைந்தவர்கள் உண்டு. சந்தை விலையைவிட இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால், அந்த இரண்டு ரூபாய் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வருமான வரித்துறைக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வழி சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். இலாபத்தின் மேல் 30 சதவீத வரி 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் 2022 ஜூலை 1 முதல். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழிக்கவும் முடியாது. இது கடுமையானது என்று நானும் நினைக்கிறேன், ஆனால் இந்தப் பக்கத்தின் பொருள் அதுவல்ல.

நடைமுறையாகப் பார்த்தாலும் மறைப்பது வீண்வேலை. டிடிஎஸ் பிடித்த விவரம் உங்கள் பானோடு சேர்ந்து ஏற்கெனவே போய்விட்டது. பிளாக்செயினில் உள்ளது அழியாது, இன்று கண்டுபிடிக்க முடியாதது பிற்பாடு முடியலாம். 1ஆம் பதிலில் சொன்னவர்கள் மாட்டியது ஐந்தரை வருடம் கழித்து. முறையாகக் கணக்குக் காட்டிவிட்டு மற்றவர்களிடமிருந்து அந்தரங்கம் காப்பதே நிம்மதியான வழி.

9. நான் பிட்காயின் வைத்திருக்கவில்லை, யுஎஸ்டிடி மட்டும்தான். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

உங்களுக்கு நிலைமை இன்னும் மோசம். எதீரியம், டிரான் போன்றவற்றில் துண்டு, சேஞ்ச் எல்லாம் கிடையாது. ஒரே முகவரி, அதில் ஒரே இருப்பு. வாலட்டும் புது முகவரி தருவதில்லை, எல்லாவற்றுக்கும் அதே முகவரிதான். யாருக்கு ஒரு முறை கொடுத்தாலும் உங்கள் இன்றைய இருப்பு, கையில் உள்ள மற்ற டோக்கன்கள், வாங்கிய என்எஃப்டி, எந்தத் தளத்தில் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்பது வரை ஈதர்ஸ்கேன் என்ற எக்ஸ்ப்ளோரரில் ஒரே பக்கத்தில் வந்துவிடும். அதன்மேல் சொந்தப் பெயரில், முகவரிக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு .எத் பெயரையும் வாங்கிப் பொருத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், கதவில் பெயர்ப்பலகையோடு சேர்த்து வங்கிப் புத்தகத்தையும் ஆணியடித்து மாட்டிய அழகு.

வழி, கணக்குகளைப் பிரிப்பதுதான். ஒரே மீட்புச் சொற்றொடரிலிருந்து (வாலட்டைத் திரும்ப உருவாக்க உதவும் சொற்களின் வரிசை) பல கணக்குகள் உருவாக்கலாம். ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டணத்துக்கான ஈதரை (எதீரியத்தின் சொந்த நாணயம்) அனுப்பினீர்கள் என்றால் இரண்டும் ஒட்டிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். கட்டணத்துக்கான ஈதரை ஒவ்வொரு கணக்குக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து தனித்தனியாக எடுங்கள். யுஎஸ்டிடியைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அதை வெளியிடும் டெதர் நிறுவனம் எந்த முகவரியையும் முடக்க முடியும், முடக்கியும் இருக்கிறது. பண நோட்டு போல அது யாரையும் கேட்காமல் கைமாறும் பொருள் என்று எண்ண வேண்டாம்.

10. வாலட் செயலிக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாதுதானே? சாவி என் போனில்தான் இருக்கிறது.

சாவி உங்களிடம் இருப்பது திருட்டிலிருந்து காக்கும், பார்வையிலிருந்து காக்காது. உங்கள் இருப்பைக் காட்டுவதற்காகச் செயலி ஏதோ ஒரு சர்வரிடம் "இந்த முகவரியில் எவ்வளவு?" என்று கேட்கிறது. அந்த சர்வருக்கு உங்கள் முகவரிகளும் ஐபியும் (உங்கள் இணைய இணைப்பின் எண்) ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. 2022 நவம்பரில் மெட்டாமாஸ்க் என்ற எதீரியம் வாலட்டின் தாய் நிறுவனமான கான்சென்சிஸ், தன் இன்ஃபியூரா சேவை வழியாகப் பரிவர்த்தனை அனுப்புவோரின் ஐபியும் வாலட் முகவரியும் சேகரிக்கப்படும் என்று கொள்கையில் வெளிப்படையாக எழுதியபோது பெரிய கூச்சல் எழுந்தது. பிறகு அந்தத் தகவலை வைத்திருக்கும் காலத்தை 7 நாளாகக் குறைப்பதாகச் சொன்னார்கள். எழுதியதால் தெரிந்தது. எழுதாத சேவைகள் எத்தனையோ.

பிட்காயினுக்குச் சொந்த நோடு (முழுச் சங்கிலியையும் வைத்துச் சரிபார்க்கும் கணினி) நடத்துவதே முழுத் தீர்வு. பழைய மடிக்கணினி, 1 டெராபைட் எஸ்எஸ்டி, நிற்காத இணைய இணைப்பு இருந்தால் அதற்கான பிட்காயின் கோர் மென்பொருள் ஓடும். முதல் முறை முழுச் சங்கிலியையும் இறக்கச் சில நாள் பிடிக்கலாம். அதன்பிறகு ஸ்பாரோவை அதோடு இணைத்தால் உங்கள் முகவரியைப் பற்றி வெளியாள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாதவர்கள் ஐபியை மறைக்கும் டார் வலை வழியாக இணையும் வாலட்டையாவது பயன்படுத்தலாம்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். பரிவர்த்தனை உறுதியாயிற்றா என்று பார்க்கச் சொந்த முகவரியை எக்ஸ்ப்ளோரர் தளத்தில் நிமிடத்துக்கொரு முறை தட்டிக்கொண்டிருப்பது. அந்த முகவரி மேல் உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று அந்தத் தளத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

11. விபிஎன் போட்டால் முடிந்ததில்லையா?

ஐபி ஒன்று மட்டும் மறையும், அதுவும் விபிஎன் நிறுவனத்துக்குத் தெரிந்தே இருக்கும். 2, 3, 4ஆம் பதில்களில் சொன்ன எதையும் விபிஎன் தொடாது. சங்கிலியில் பதிவானது பதிவானதுதான்.

12. வரிக் கணக்குப் போடும் தளம் எக்ஸ்பப் கேட்கிறது. கொடுக்கலாமா?

எக்ஸ்பப் என்பது ஒரு வாலட் கணக்கின் எல்லா முகவரிகளையும் உருவாக்கும் பொதுச் சாவி. அதைக் கொண்டு உங்கள் பணத்தை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கின் பழைய முகவரிகள், இன்றைய முகவரிகள், இனி உருவாகப்போகும் முகவரிகள் எல்லாவற்றையும் பார்க்க முடியும். 3ஆம் பதிலின்படி பொறுமையாகச் சேர்த்த பலன் ஒரே ஒட்டலில் போய்விடும். பிறகு திரும்பப் பெறவும் முடியாது. புதுக் கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் மாற்றினால்தான் உண்டு.

வாலட்டிலிருந்து சிஎஸ்வி கோப்பாக அந்த நிதியாண்டின் பரிவர்த்தனைகளை மட்டும் எடுத்து ஆடிட்டரிடம் கொடுங்கள். அவருக்குத் தேவை அதுதான்.

13. ஹார்டுவேர் வாலட் வாங்கிவிட்டேன். இனி பயமில்லையே?

சாவியை இணையத்துக்கு வெளியே வைக்கும் கருவி அது, சாவிக்குப் பயமில்லை. வாங்கிய விதத்தைப் பாருங்கள். அந்தக் கருவிகளைத் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைத் தரவுத்தளம் 2020-இல் திருடப்பட்டது. அந்த டிசம்பரில் சுமார் 2,72,000 வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டது. கருவியில் எந்த ஓட்டையும் இல்லை. ஆனால் "இந்த வீட்டில் இருப்பவரிடம் கிரிப்டோ இருக்கிறது" என்ற பட்டியல் உலகம் முழுவதும் சுற்றியது. போலி மின்னஞ்சல்கள் வந்தன, மிரட்டல்கள் வந்தன, சிலர் வீட்டுக்கு அஞ்சலில் போலிக் கருவியே வந்தது.

ஆகவே தயாரிப்பாளரிடமோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். முடிந்தால் அலுவலக முகவரிக்கு வரவழையுங்கள். இதற்கென்று ஒரு தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ யார் வந்து மீட்புச் சொற்களைக் கேட்டாலும், உலகத்தில் எந்த நிறுவனமும் அதைக் கேட்காது என்பது நினைவிருக்கட்டும்.

14. மிக்ஸரில் போட்டு எடுத்தால் தடயம் போய்விடும் என்கிறார்களே?

இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேறு பணத்தைத் திருப்பித் தரும் சேவை. நடத்துபவர் யார் என்றே தெரியாமல் மொத்தத்தையும் கொடுக்கிறீர்கள். அவர் ஓடினால் போயிற்று, பதிவு வைத்திருந்தால் அந்தரங்கமும் போயிற்று. இன்னொன்று, 2013-இல் கிரெகரி மேக்ஸ்வெல் முன்வைத்த காயின்ஜாய்ன். பலர் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையில் கையெழுத்திட்டு, சம தொகைகளாக வெளியே எடுப்பார்கள். பணம் யார் கையிலும் போகாது, எது யாருடையது என்பது மட்டும் கலங்கிவிடும். 4ஆம் பதிலில் சொன்ன "ஒன்றாக உள்ளே போனால் ஒரே ஆள்" என்ற விதியை உடைப்பது இதுதான்.

தொழில்நுட்பமாக நல்ல யோசனை. ஆனால் இன்றைய நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். எதீரியத்தில் இயங்கும் டொர்னேடோ கேஷ் என்ற மிக்ஸரை 2022 ஆகஸ்டில் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2025 மார்ச்சில் நீக்கியது. இடையில் அதன் உருவாக்குநர்களில் ஒருவருக்கு நெதர்லாந்தில் 64 மாதச் சிறை விதிக்கப்பட்டது. காயின்ஜாய்ன் வசதி தந்த சாமுராய் வாலட்டை உருவாக்கிய இருவர் 2024 ஏப்ரலில் கைதாகி, 2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதே வசதி தந்த வசாபி வாலட்டின் முதன்மை ஒருங்கிணைப்பு நிறுவனம் 2024 ஜூன் 1 அன்று சேவையை நிறுத்திக்கொண்டது.

மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கிச் சேர்க்கும் ஒருவருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. மிக்ஸர் வழியாக வந்த பணத்தை எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பினால் அவர்களுடைய கண்காணிப்பு மென்பொருள் மணி அடிக்கும், கணக்கு நிற்கும், விளக்கம் கேட்பார்கள். அந்தரங்கத்துக்காகச் செய்தது உங்களை எல்லோரையும்விட அதிகமாகக் கண்ணில் பட வைத்துவிடும். உங்களுக்கு முன்னால் கலந்தவர் யார் என்பதும் உங்கள் கையில் இல்லை.

15. அப்படியென்றால் மொனேரோவுக்குப் போய்விடலாமா?

அந்தரங்கத்துக்கென்றே 2014-இல் தொடங்கிய நாணயமான மொனேரோவில் மேலே சொன்ன பல சிக்கல்கள் அடிப்படையிலேயே இல்லை. பெறுபவரின் முகவரி சங்கிலியில் வராது, தொகை 2017 முதல் மறைக்கப்படுகிறது, அனுப்புபவர் 16 பேர் கொண்ட வளையத்துக்குள் ஒளிந்திருப்பார், அதில் 15 பேர் போலி. இதை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, எல்லாப் பரிவர்த்தனையும் அப்படித்தான். 2016-இல் வந்த இசட்கேஷ் என்ற இன்னொரு நாணயத்தில் மறைப்பு விருப்பத்தேர்வு. விருப்பத்தேர்வு என்றாலே பலர் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், கூட்டம் குறைந்தால் ஒளிய இடமும் குறையும்.

சிக்கல் உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் இருக்கிறது. பைனான்ஸ் 2024 பிப்ரவரியில் மொனேரோவை நீக்கிவிட்டது. வேறு பல எக்ஸ்சேஞ்சுகளிலும் கிடையாது. அதோடு, 1.237 பிட்காயினை மொனேரோவாக்கி அரை மணி நேரத்தில் ஏறக்குறைய அதே மதிப்புக்குத் திரும்ப பிட்காயின் ஆக்கினால், நடுவில் எவ்வளவு கணிதம் இருந்தாலும் இரண்டு முனையையும் பார்ப்பவர் இணைத்துவிடுவார். வாங்கிய விலை, விற்ற விலை இரண்டுக்கும் கணக்குக் காட்டும் கடமையும் மாறாது, 8ஆம் பதிலைப் பாருங்கள்.

16. லைட்னிங் எப்படி?

லைட்னிங் என்பது பிட்காயினுக்கு மேல், இருவருக்கிடையே திறக்கும் சேனல்கள் வழியாகப் பணம் அனுப்பும் வலை. சிறு செலவுகளுக்கு நல்லது. ஒவ்வொரு பணமும் சங்கிலியில் பதிவாவதில்லை, சேனல் திறப்பதும் மூடுவதும் மட்டுமே பதிவாகும். அனுப்புபவர் யார் என்பது பெறுபவருக்குத் தெரியாது. பெறுபவரின் பக்கம் அவ்வளவு மூடியதல்ல, வழக்கமான இன்வாய்ஸில் அவருடைய நோடு அடையாளம் இருக்கும். நிறுவனமே உங்கள் பணத்தை வைத்துக்கொள்ளும் வகை வாலட் என்றால் அந்த நிறுவனத்துக்கு எல்லாம் தெரியும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

17. கலைஞன் நான். நன்கொடை முகவரியை வெளியே போட்டே ஆக வேண்டும். என்ன செய்வது?

அந்த முகவரியை உங்கள் பொது முகமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கென்று தனி வாலட், அதில் வருவது சேமிப்போடு ஒரு நாளும் கலக்கக் கூடாது. செலவழிக்கும்போது நேராக எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி விற்று, வரி கட்டி, ரூபாயாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் மெனக்கெட முடிந்தால் பிடிசிபே சர்வர் என்ற திறமூல மென்பொருளை நிறுவலாம். கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் புது முகவரி காட்டும். சைலண்ட் பேமென்ட்ஸ் என்ற புதிய முறையில் ஒரே குறியீட்டை எங்கும் அச்சிடலாம். அனுப்பும் ஒவ்வொருவரும் அதிலிருந்து வெவ்வேறு முகவரியைத் தானாகப் பெறுவார்கள், வெளியாட்களால் அவற்றை இணைக்க முடியாது. ஆதரிக்கும் வாலட்டுகள் இன்னும் குறைவு, ஆனால் வருங்காலத்தில் இந்தக் கேள்விக்கு அதுவே பதிலாகும் என்று நினைக்கிறேன்.

18. ஏற்கெனவே எல்லாம் ஒரே முகவரியில் கலந்து கிடக்கிறது. திருத்த முடியுமா?

பழையதை அழிக்க முடியாது. பத்து முகவரி வழியாகச் சுற்றி விட்டாலும் கோடு நீளுமே தவிர அறுந்துபோகாது, கட்டணம்தான் வீண். இன்றிலிருந்து வாங்குவதைப் புது வாலட்டில், குறிப்போடு, கலக்காமல் வையுங்கள். பழையதைப் பொதுவில் தெரிந்ததாகவே கருதி, விற்க வேண்டிய நேரத்தில் முதலில் அதை விற்றுத் தீர்த்துவிடுங்கள். சில வருடங்களில் அது தானே காலியாகிவிடும்.

19. யாராவது நேரில் வந்து மிரட்டினால்? அதற்கும் ஏதாவது தொழில்நுட்பம் உண்டா?

உண்டு, ஆனால் தாமதமாக உதவும். 2025 ஜனவரியில் லெட்ஜர் இணை நிறுவனர் டேவிட் பல்லாண்ட் பிரான்ஸில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, மீட்கப்படுவதற்குள் ஒரு விரலை இழந்தார். அந்த அளவுக்குப் போனபின் எந்தக் குறியாக்கமும் துணைக்கு வராது. மீட்புச் சொற்களோடு கூடுதல் கடவுச்சொல் சேர்த்து, சிறு தொகை உள்ள வாலட்டை முன்னால் வைப்பது, பெரிய தொகையை ஒரே இடத்தில் ஒரே சாவியில் எடுக்க முடியாதபடி பல கையெழுத்து முறையில் வைப்பது ஆகியவை ஓரளவு உதவும்.

முதல் பாதுகாப்பு, தெரியாமல் இருப்பது. இலாபத்தின் ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸில் போடுவது, கல்யாண வீட்டில் "2017-லேயே வாங்கினேன்" என்று சொல்வது, லோகோ போட்ட சட்டையோடு மாநாட்டிலிருந்து பதிவிடுவது ஆகியவற்றை நிறுத்துங்கள். 13ஆம் பதிலில் சொன்ன பட்டியலைத் திருடர்கள் திருடினார்கள். இந்தப் பட்டியலை நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

20. அப்படியானால் மனைவியிடமும் சொல்லக் கூடாதா?

சொல்ல வேண்டும். நீங்கள் திடீரென்று இல்லாமல் போனால் எந்த எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் சேவையாலும் உங்கள் சொந்த வாலட்டைத் திறந்து தர முடியாது. தொகை தெரிய வேண்டியதில்லை. இருக்கிறது என்பதும், எந்தக் கருவி, எந்த வாலட் மென்பொருள், மீட்புச் சொற்கள் எங்கே இருக்கின்றன, 19ஆம் பதிலில் சொன்ன கூடுதல் கடவுச்சொல் உண்டா இல்லையா என்பதும் தெரிய வேண்டும். கூடுதல் கடவுச்சொல் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் 24 சொற்களையும் சரியாகப் போட்டு, காலியான வாலட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று மூடி வைத்துவிடுவார்கள்.

காகிதத்தில் பேனாவால் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நகை அல்லது பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். கூடுதல் கடவுச்சொல்லை வேறோர் இடத்தில், முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். பல போன்களில் எடுத்த படம் உடனே கிளவுடுக்கு நகலாகும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெறுபவரின் போனிலிருந்து இன்னொரு கிளவுடுக்கும் போகும். வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்குச் சாமான்களைத் துடைக்கும் நாளில் வேண்டுமானால், உறை கிழியாமல் இருக்கிறதா, எழுத்து மங்காமல் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்துவிடுங்கள்.